நடைமேடை இரண்டு இந்தப் பக்கம்

ஏப்ரல் 3, வியாழன்

இன்று மட்டும் மூன்று கூத்து. மல்லியம்பேட்டையில் கழிப்பறைக்கான அம்புக்குறி டீக்கடையைக் காட்டுகிறது. கீழ்ச்சாவடியில் புதுச் சின்னத்தைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். ஆனைக்குட்டையில் மாட்டிய லைன் வரைபடத்தில் ஆனைக்குட்டையே இல்லை. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நான் எங்க உக்காந்து வேலை பாக்குறேன்னு நீயே சொல்லிடு" என்றார். சிரித்துச் சமாளித்துவிட்டு வெளியே வந்து, அச்சடித்தவனைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன்.

பலகை மாட்ட வேண்டியது பதினோரு ஸ்டேஷன், சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். 'புது முகம்' என்று திட்டத்துக்குப் பெயர். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மயில் நீலம், ஒரே சின்னம், ஒரே எண் வரிசை. இதுவரை நடைமேடை எண் ஒரு ஸ்டேஷனில் கிழக்கிலிருந்து தொடங்கும், அடுத்ததில் மேற்கிலிருந்து தொடங்கும். இனி எல்லா இடத்திலும் மேற்கிலிருந்துதான் ஒன்று. நெடுந்தாங்கலில் இதுவரை நான்காவது நடைமேடையாக இருந்தது சனிக்கிழமை முதல் ஒன்று. இரண்டு மூன்றாகும், மூன்று இரண்டாகும். சனங்கள் ஒரு வாரம் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்.

எங்கள் முதலாளி பிரபாகர் சார் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார். "ஜெசிந்தா, சனிக்கிழமை காலைல ஒம்போது மணிக்குத் திறப்பு விழா. ஒரு பலகை பாக்கி இருந்தாலும் என் மூஞ்சியில முழிக்காதே." இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் அடுத்த லைன் முழுவதற்கும் நான்தான் பொறுப்பு என்று போன மாதமே வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருடமாக ஏணி பிடித்ததற்கு அதுவாவது கிடைக்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிந்தது! அம்பு, சின்னம், வரைபடம் மூன்றும் திருத்தியாயிற்று. கண் தெரியாதவர்களுக்கான பிரெயில் தகடுகள்தான் கழுத்தைப் பிடித்தன. படிக்கட்டுக் கைப்பிடிகளில் மாட்ட வேண்டியவை. முதல் ஐந்து ஸ்டேஷன் போன வாரமே முடிந்தது. மிச்சம் ஆறு ஸ்டேஷனுக்கான பெட்டி நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு பிளாஸ்டிக் உறை. வெயிலில் இளகி அப்பிக்கொண்டு, மாட்டிய பிறகு உரித்தால் திருகாணிக்கு அடியில் பிசிறு நிற்கிறது. ஒன்றுக்குப் பத்து நிமிடம் போனது. குடோனிலேயே எல்லாவற்றையும் உரித்து வைக்கச் சொன்னேன். அப்புறம் வேலை பறந்தது.

எங்கள் ஃபிட்டர் மஸ்தான் பாய் வழக்கம்போல முணுமுணுத்தார். ஐம்பது வயதாகிவிட்டால் எதற்கும் முணுமுணுப்பு. பட்டியலில் 'பிரெயில் தகடுகள்: சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

விழா அமர்க்களம். பலகை ஒன்றுகூடக் கோணல் இல்லை. பிரபாகர் சார் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். பொன்னாடை எனக்கு இல்லை, பரவாயில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்தவள், சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். வீட்டுக்காரர் சேவியரே சமைத்திருந்தார். ரசத்தில் உப்பில்லை, சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை எட்டே முக்காலுக்கு நெடுந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து போன். தண்டவாளத்தில் ஒரு பெண் விழுந்துவிட்டாள். கண் தெரியாத பெண். உயிருக்கு ஆபத்தில்லை. இடது கால் முறிவு, நெற்றியில் தையல்.

நான் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அங்கே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரே மேடை. இரண்டு பக்கமும் நகருக்குப் போகும் வண்டிதான் வரும். எது எந்தப் பக்கம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எட்டு இருபது வண்டி இரண்டாவது நடைமேடையில் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டி வந்து நின்றிருக்கிறது. அவள் மூன்றாவது நடைமேடைப் பக்கம் நின்றுகொண்டு, எதிரே வண்டி நிற்கிறது என்று நினைத்துக் காலை எடுத்து வைத்திருக்கிறாள். எதிரே ஒன்றும் இல்லை. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் குதித்துத் தூக்கியிருக்கிறார்கள். மூன்றாவதில் அடுத்த வண்டி வர நாலு நிமிடம்தான் இருந்ததாம். ஐயோ.

டீக்கடைக்காரர் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இறங்கி வந்து கைப்பிடியத் தடவிப் பாத்துச்சும்மா. நல்லாத் தடவிப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போச்சு. நான் பாத்தேன்."

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு சின்ன டச்சப் வேலை இருந்தது. முடித்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிட வேலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபீசில் பிரபாகர் சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "தகடெல்லாம் சரியா இருக்குல்ல?"

"இப்ப சரியா இருக்கு சார்."

அந்த 'இப்ப' அவர் காதில் விழுந்தது. விழுந்ததை முகத்தில் பார்த்தேன். பேனாவை மூடித் திறந்து மூடினார். "நல்லது. நாளைக்கு விசாரணைக்காரங்க வர்றாங்க. பார்வையற்றோர் பள்ளியிலேருந்து ஒரு வாத்தியாரையும் கூட்டிட்டு வர்றாங்களாம். நீ கூட இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கிளம்பும்போது மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அப்படியே ஏதாவது வந்தாலும், மாட்டுனது பாய்தானே."

ஏப்ரல் 9, புதன்

வாத்தியார் பெயர் தாமோதரன். அவருக்கும் பார்வை கிடையாது. விழுந்த பெண்ணுக்குச் சின்ன வயதில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவராம். நெடுந்தாங்கல் படிக்கட்டில் இறங்கி இடது கைப்பிடியைத் தொட்டார். "நடைமேடை இரண்டு இந்தப் பக்கம்." வலது கைப்பிடியைத் தொட்டார். "நடைமேடை மூன்று இந்தப் பக்கம்." இன்னொரு முறை இரண்டையும் தொட்டுப் பார்த்தார்.

அவளுடைய அண்ணன் நந்தகோபாலும் வந்திருந்தார். "அப்போ தகடு சரிதானா சார்?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்குப்பா" என்றார் வாத்தியார். "எனக்குத்தான் புரியல. பதிமூணு வயசுல அவ என்னை விட வேகமாப் படிப்பா."

விசாரணைக்காரர் குறித்துக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றால், கேட்காததற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 10, வியாழன்

நிறுவனத்தின் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் சார். "புகார் கிகார் குடுக்குற மாதிரி இருக்காங்களான்னு பேச்சுவாக்குல பாத்துட்டு வா." ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். என்ன வெயில்!

அவள் பெயர் மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுகிறார்கள். இருபத்தொன்பது வயது. நகரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஆறு வருடமாகத் தனியாகப் போய்த் தனியாக வருகிறாள். நெற்றியில் கட்டு, கால் மாவுக்கட்டில்.

பலகைக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். "உங்க தகடு நல்லா இருந்துச்சு. புள்ளி நல்லா எழும்பி இருந்துச்சு. முன்னாடியெல்லாம் மனப்பாடம்தான். நம்பர் மாத்திட்டாங்கன்னு நியூஸ்ல கேட்டதும் பயந்துட்டேன். தகடு வச்சிருக்காங்கன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

அப்புறம் கையைப் போர்வைக்கு மேல் நீட்டி வைத்துக்கொண்டு சொன்னாள். "என் விரல்தான்க்கா தப்பாப் படிச்சிருச்சு."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"வலது பக்கக் கைப்பிடில ரெண்டுன்னு படிச்சேன். ரெண்டுன்னா புள்ளி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மூணுன்னா பக்கத்துல பக்கத்துல. நாலு வயசுல படிச்சது. அது எப்படி மாறும்? ஆனா தாமோதரன் சாரே தொட்டுப் பாத்துட்டாரு, தகடு சரியா இருக்குன்னாரு. அப்ப என் விரலுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

அவள் அழவில்லை. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மணி ஆகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். புகார் எதுவும் வராது என்று சாருக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மற்ற ஸ்டேஷன்களில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து சேவியரின் அக்கா வீட்டுக்கு ரயிலில் போனோம். கீழ்ச்சாவடியில் இறங்கி மாற வேண்டும். படிக்கட்டில் நான் நடுவாகவே இறங்கினேன், கைப்பிடிப் பக்கம் போகவில்லை. "உங்க கம்பெனி மாட்டுனதா இது?" என்று சேவியர் தகட்டைக் காட்டினார். "ஆமா, வாங்க, வண்டி போயிரும்" என்றேன். வண்டிக்கு இன்னும் கால் மணி இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மஸ்தான் பாய் குடோனில் வேலையை நிறுத்திவிட்டு எதிரே வந்து நின்றார்.

"மேடம், மத்த அஞ்சு ஸ்டேஷன்?"

"என்ன மத்த அஞ்சு ஸ்டேஷன்?"

"தெரியாத மாரி பேசாதீங்க. அன்னிக்கே சொன்னேன். நம்பர் ஸ்டிக்கரு அந்த உறை மேலதான் ஒட்டியிருக்குது, உரிச்சிட்டா எது ரெண்டு எது மூணுன்னு நமக்குத் தெரியாதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

"பாய், எனக்கு வேலை இருக்கு."

"'ரெண்டும் ஒரே மாரிதானே இருக்கு, மாட்டுங்க, எவன் படிக்கப் போறான்'னீங்க. நானும் மாட்டிட்டேன். அது என் தப்பு, அல்லா கேப்பான். ஆனா இப்ப நெடுந்தாங்கல்ல மட்டும் நீங்களே போயி மாத்திட்டு வந்துட்டீங்க. டீக்கடைக்காரன் சொன்னான், மேடம் பட்டப்பகல்ல கம்பெனி மஞ்ச ஜாக்கெட்டப் போட்டுக்கினு ஏதோ கழட்டி மாட்டுனாங்கன்னு. மத்ததுல இன்னொரு புள்ள விழுந்தா?"

வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். உமக்கு என்ன தெரியும், மாட்டினது நீர்தான், உம் தலையில்தான் விடியும் என்றெல்லாம் சொன்னேன். பாய் திருப்புளிகளைத் துணியில் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வரை வரவில்லை.

சரி, எழுதித் தொலைக்கிறேன். நான்தான் மாற்றினேன். ஏழாம் தேதி மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில். கம்பெனி ஜாக்கெட் போட்டவளை யாரும் கேள்வி கேட்பதில்லை. போனில் பிரெயில் எண்களின் படத்தை வைத்துக்கொண்டு புள்ளிகளைப் பார்த்தேன். இரண்டு மூன்றின் இடத்தில் இருந்தது, மூன்று இரண்டின் இடத்தில் இருந்தது. தகட்டுக்கு இரண்டு திருகாணி. ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை வெள்ளிக்கிழமை செலவழித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். இருக்கிறதுதான், முறிந்து இருக்கிறது. என்ன எழுதுகிறேன் நான்.

ஏப்ரல் 16, புதன்

யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நெடுந்தாங்கல் கிழக்கு, மாடி வீடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரெயில் புத்தகம் ஒன்று விரித்திருந்தது.

"படிச்சுப் படிச்சுப் பாக்குறேன்க்கா" என்றாள். "எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை தடவுறேன். முன்னாடி அப்படிக் கெடையாது. ரெண்டாவது தடவையும் நம்பிக்கை வரல."

அண்ணன் நந்தகோபால் எனக்குக் காபி கொடுத்தார். மேசையில் ஒரு வெள்ளைத்தாள், அவர் கையெழுத்தில். வேலையை ராஜினாமா செய்யும் கடிதம். கீழே அவள் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துடுவேன் மேடம்" என்றார். "ஆறு வருசம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தோம். ஒண்ணும் ஆகலியேன்னு விட்டேன். இனிமே முடியாது. தகடு தப்புன்னாகூட மனசு ஆறும், மாத்தச் சொல்லிச் சண்டை போடலாம். இவ கையே தப்புன்னா என்ன பண்றது சொல்லுங்க?"

அரசி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எனக்கு ஆபீஸ் டெலிபோன் போர்டுல உக்காந்தா எத்தனை எக்ஸ்டென்ஷன் தெரியுமாக்கா? முந்நூத்தி நாப்பது. எல்லாம் மனசுல இருக்கு. புது ஆபீசருங்க எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க." மடியில் இருந்த புத்தகத்தை மூடினாள். "அண்ணன் சொல்றதும் சரிதான். தப்பாப் படிக்கிற விரல நம்பி நான் எப்படி ஸ்டேஷன்ல இறங்குவேன்?"

காபியைக் குடித்து முடித்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "கால்சியம் மாத்திரை ஒழுங்கா சாப்பிடும்மா" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. 'அறிவிப்புப் பலகைகளிலும் தகடுகளிலும் குறையில்லை. பயணியின் கவனக்குறைவே காரணம்.' பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த லைனுக்கான நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல? இனிமே நிம்மதியாத் தூங்கு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் தூங்கவில்லை என்று தோன்றியது.

சாயங்காலம் பெரிய வியாழன் பூசை. பாவசங்கீர்த்தனம் செய்ய நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நான்கு பேர் ஆனதும் திரும்பி வந்துவிட்டேன். ஃபாதர் கேட்டுவிட்டு மன்னித்துவிடுவார். மன்னித்துவிட்டால் அதோடு முடிந்துபோகும் என்று பயமாக இருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி, லீவு. சாப்பிடவில்லை. உபவாசம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 19, சனி

காலை பத்து மணிக்கு அரசி வீட்டில் இருந்தேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று தெரியும்.

"அரசி, உன் விரல் தப்பாப் படிக்கல. தகடுதான் தப்பா இருந்துச்சு. நான்தான் மாட்ட வச்சேன். நீ விழுந்த அன்னிக்கு மத்தியானம் நானே போய் மாத்திட்டேன். தாமோதரன் சார் வந்து தொட்டுப் பாத்தது நான் மாத்தி வச்சதை."

நந்தகோபால் நாற்காலியிலிருந்து எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நியாயம்தான். என் முகத்துக்கு நேரே நின்று, "பன்னெண்டு நாளு" என்றார். "பன்னெண்டு நாளா இவ தூங்கல. விரல ஊசியால குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு இருந்தா. நீங்க வந்து என் வீட்டுக் காபிய வாங்கிக் குடிச்சிட்டுப் போனீங்க." அவர் குரல் உடைந்துவிட்டது. "வெளிய போங்க."

"அண்ணா, இரு." அரசி கையை உயர்த்தினாள். என்னைப் பார்த்து, அதாவது நான் நின்ற திசையைப் பார்த்து, "மறுபடி சொல்லுங்க" என்றாள்.

மறுபடி சொன்னேன்.

"முழுசாச் சொல்லுங்க. எந்தப் பக்கம் எது இருந்துச்சு?"

"வலது கைப்பிடில ரெண்டு. இடதுல மூணு."

"நான் படிச்ச மாதிரியே."

"நீ படிச்ச மாதிரியே."

அவள் முகம் அப்படியே சுருங்கியது. இத்தனை நாள் அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கிட்டே போகப் பார்த்தேன். "தொடாதீங்க" என்றாள்.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை.

"எப்படித் தப்பாச்சு?"

உறை, ஸ்டிக்கர், குடோன், வெள்ளிக்கிழமை, எல்லாம் சொன்னேன். எவன் படிக்கப் போறான் என்று சொன்னதையும் சொன்னேன்.

"அப்படி உரிச்சு மாட்டுனது எத்தனை ஸ்டேஷன்?"

"ஆறு."

"மத்த அஞ்சுல யாராவது போய்ப் பாத்தாங்களா?"

இல்லை என்றேன்.

"பன்னெண்டு நாளா அது அப்படியே இருக்கா? எங்க ஆளுங்க தெனமும் அந்த லைன்ல எத்தனை பேரு போறாங்க, தெரியுமா உங்களுக்கு? வண்டியில பேனா விக்கிறவங்க, ஆபீஸ் போறவங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. 'அக்கா' என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "அண்ணா, தாமோதரன் சாருக்குப் போனப் போடு. எல்லாரோட வாட்ஸப் குரூப்புக்கும் வாய்ஸ் அனுப்பச் சொல்லு. அந்த அஞ்சு ஸ்டேஷன்லயும் தகட்ட நம்ப வேணாம், யாரையாவது கேட்டுட்டுப் போங்கன்னு. இப்பவே."

என்னிடம் சொன்னாள்: "நீங்க எழுதிக் குடுங்க. விசாரணைக்காரங்களுக்கு. இங்கயே உக்காந்து எழுதுங்க. அப்புறம் நான் வர்றேன், அந்த அஞ்சையும் பாக்கணும்."

"இந்தக் காலோடயா? நானே போன்ல படத்தப் பாத்து..."

"நீங்க பாத்தது போதும் மேடம்."

எழுதிக் கொடுத்தேன். உரிக்கச் சொன்னது நான், மாற்றியது நான், மஸ்தான் பாய் முன்கூட்டியே எச்சரித்தார் என்றும் எழுதினேன். நந்தகோபால் படம் எடுத்து அங்கிருந்தே விசாரணைக்காரருக்கு அனுப்பினார். மூன்று மணிக்கு பிரபாகர் சார் போன் வந்தது. எடுத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத வேண்டாம். நியமனக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், திங்கள் முதல் ஆபீசுக்கு வர வேண்டாமாம்.

அதற்கப்புறம் மஸ்தான் பாய் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "எத்தினி மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.

சேவியரிடம் இரவு சாப்பிடும்போது சொன்னேன். "கீழ்ச்சாவடியில வண்டிக்கு நேரம் இருந்துச்சு, எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று விசாரணைக்காரர் போனில் பேசினார். இன்று காலை ஆள் அனுப்புகிறோம், அதுவரை எதையும் கழற்றக் கூடாது என்றார். அரசி அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. விடிந்ததும் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். சக்கர நாற்காலியில் அவள், தள்ளுவதற்கு அண்ணன், கூட நானும் பாயும்.

மல்லியம்பேட்டையில் எட்டுத் தகடு. அவள் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவைதான் தொட்டாள். எட்டும் சரி. எனக்கு உயிர் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்ற பழைய நினைப்பு மறுபடியும் தலையைத் தூக்கியது.

கீழ்ச்சாவடியில் லிஃப்ட் ஓடவில்லை. பாயும் நந்தகோபாலும் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படிக்கட்டில் இறக்கினார்கள். ஆபீஸ் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு போனது. கீழே வந்ததும் அவள் இடது கைப்பிடியில் விரலை வைத்தாள். ஒரே தடவைதான்.

"மூணு" என்றாள். "இந்தப் பக்கம் என்ன போர்டு போட்டிருக்கு அண்ணா?"

"ரெண்டு" என்றார் நந்தகோபால். மேலே என் மயில் நீலப் பலகையில் இரண்டு என்று பெரிதாகத்தான் இருந்தது. அரசி வலது பக்கமும் தொட்டாள். அங்கே இரண்டு. நெடுந்தாங்கலில் இருந்தது போலவே இடம் மாறி இருந்தது.

போன வாரம் நான் நடுவாக இறங்கிய அதே படிக்கட்டு.

என்னை அறியாமல் பைக்குள் கை போனது. திருப்புளி சாவிக்கொத்தில் உரசியது.

"அதை வெளிய எடுக்காதீங்க" என்றாள் அரசி.

"இல்லம்மா, யாராவது அதுக்குள்ள தொட்டுப் படிச்சிட்டா..."

"போன தடவையும் மாத்தத்தான் செஞ்சீங்க. மாத்திட்டு, இருந்ததே இல்லைன்னு ஆக்கிட்டீங்க." அவள் விரலை அந்தத் தகட்டிலிருந்து எடுக்கவில்லை. "இது இப்படியே இருக்கட்டும். அவங்க ஆளு வந்து பாக்கட்டும். தாமோதரன் சாரும் வர்றாரு, அவரும் தொட்டுப் பாக்கட்டும். அதுவரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க. யாரு தொட்டாலும் வாயத் திறந்து சொல்லுங்க. நாங்க மத்த மூணையும் பாத்துட்டு வர்றோம்."

போவதற்கு முன் அண்ணனிடம் சொன்னாள், "ஆபீசுக்கு அந்த லெட்டர் வேணாம். மெடிக்கல் லீவுன்னு எழுது, ரெண்டு மாசம்." நாற்காலியைத் தூக்கினார்கள். அவள் என்னிடம் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

நின்றேன். முதுகு கைப்பிடியில் படும்படி நின்றேன். எட்டு நாற்பது வண்டி இரண்டாவது நடைமேடையில் வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் தடதடவென்று இறங்கியது. அதற்குள் வெள்ளைக்கோல் தட்டும் சத்தம் கேட்டது. நாற்பது வயது இருக்கும், தோளில் பேனாப் பாக்கெட்டுகள் தொங்கும் பை. செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை போலும். ஓரமாக வந்து கைப்பிடியைத் தேடி நீட்டிய கை என் கை மேல் பட்டது. "சாரிம்மா" என்று கையை இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் நகருங்க, படிச்சுக்கிறேன்" என்றார்.

வண்டியின் சத்தம் கிட்டே வந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"படிக்காதீங்க சார். தகடு தப்பு. நான்தான் தப்பா மாட்ட வச்சேன். ரெண்டு இந்தப் பக்கம், என் கையப் புடிச்சுக்குங்க."

அவர் என் கையைப் பிடிக்கவில்லை. "எத்தனை நாளா தப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.